அமெரிக்க மருந்துக்கடையில் ஊசி: அனுமதி யார் கையில்?

(ஆண்டு சந்திப்பில் ஆற்றிய உரை)



"சார், அமெரிக்காவிலே பார்மசிஸ்டே தடுப்பூசி போடலாமாமே?" என்று காலையிலிருந்து நாலு மாணவர்கள் கேட்டுவிட்டார்கள். போடலாம். எந்த ஊசி, யாருக்கு என்பதை மட்டும் அந்தந்த மாநிலச் சட்டம் சொல்லும்.

1996ல் அமெரிக்க மருந்தாளுநர் சங்கம் இதற்கான பயிற்சியைத் தொடங்கியது. 2009க்குள் ஐம்பது மாநிலங்களிலும் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி போட அனுமதி வந்துவிட்டது. மற்ற ஊசிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டு, ஒவ்வொன்றாக வந்தன.

அக்கி ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் அது மருந்துப் பிரிவில் வருகிறது. டாக்டருக்கு அந்த பில் போடுவது தலைவலி. கடையில் கம்ப்யூட்டரில் தட்டினால் முடிந்தது. ஆகவே பாட்டிமார் கடைக்குத்தான் வருகிறார்கள். 2023 முதல் அவர்கள் கைக்காசு தரவேண்டியதும் இல்லை.

சரி, புது ஊசி வரும்போதெல்லாம் சட்டத்தைத் திருத்த முடியுமா? பல மாநிலங்கள் "ஏ.சி.ஐ.பி. சிபாரிசு செய்யும் தடுப்பூசிகள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டன. 1964ல் அமைந்த மத்திய அரசின் நிபுணர் குழு அது. நல்ல ஏற்பாடுதான், 2025 வரைக்கும்.

அந்த ஜூன் மாதம் சுகாதார அமைச்சர் கென்னடி, குழுவின் 17 உறுப்பினர்களையும் ஒட்டுமொத்தமாக நீக்கினார். ஆகஸ்ட் 27ல் புதிய கோவிட் ஊசிக்கு எஃப்.டி.ஏ. அங்கீகாரம் கிடைத்தது. புதிய குழுவோ அதைப்பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. மருந்து அங்கீகாரம் பெற்றது, பார்மசிஸ்ட் பயிற்சி பெற்றவர், எழுபது வயதுக்காரர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நிற்கிறார். ஆனா போடமுடியாது! சில மாநிலங்களில் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். குடும்ப டாக்டரே இல்லாதவர் எங்கே போவார்? ஊசி நல்லதா கெட்டதா என்ற வாதத்தை விடுங்கள். சட்டத்தின் ஒரு வரி அவரைத் திருப்பி அனுப்பியது.

பென்சில்வேனியா பார்மசி போர்டு செப்டம்பர் 3ல் கூடி, குழந்தை மருத்துவர், குடும்ப மருத்துவர், மகப்பேறு மருத்துவர் சங்கங்களின் சிபாரிசையும் பின்பற்றலாம் என்று முடிவெடுத்தது. சட்டசபைக்குப் போகாமலே காரியம் நடந்தது என்பதைக் கவனியுங்கள். வேறு சில மாநிலங்களும் இப்படி வழி தேடிக்கொண்டன. ஏ.சி.ஐ.பி. செப்டம்பர் 19ல்தான், அவரவர் கலந்தாலோசித்து முடிவெடுக்கலாம் என்று வாக்களித்தது.

அங்கே வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் பெரும்பாலான மாநிலங்களில் சட்டத் தேர்வும் எழுதவேண்டும். அதைக் கடைசி வாரத்தில் புரட்டுகிறவர்கள்தான் அதிகம். போகிற மாநிலத்தில் இந்த ஒரு வரி எப்படி எழுதியிருக்கிறது என்று முதலில் தேடிப் படியுங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மீதியைச் சாப்பாட்டுப் பந்தியில் பேசுவோம்.