நூறு ரூபாய்த் தண்டம்

இலங்கையில் ஒரு விலங்கை வதைத்தால் தண்டப்பணம் எவ்வளவு? ஆகக் கூடியது நூறு ரூபாய். ஆமாம், வெறும் நூறு ரூபாய்தான். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு.

இந்தத் தண்டத்தை விதிக்கும் சட்டம் வந்தது 1907இல். கொழும்புத் துறைமுகத்துச் சரக்கை மாட்டு வண்டிகள் இழுத்த காலம். அன்று நூறு ரூபாய் பெரிய காசு. இன்று வெள்ளவத்தையில் அதைக் கொடுத்து இரண்டு வடை கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் சிரிப்பார்.

புதிய சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இலேயே எழுதிக் கொடுத்தது. பிறகு இழுபறிதான். இந்தத் தாமதத்துக்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

அடிப்பது மட்டும் கொடுமையில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பல்கனியில் நாய், கழுத்தில் குட்டைச் சங்கிலி, கவிழ்ந்து கிடக்கும் தண்ணீர்ச் சட்டி. அதுவும் கொடுமைதான்.

அப்படிக் கண்டால் முதலில் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். சாவி அங்கே இருக்கலாம். இல்லாவிட்டால் பொலிசுக்குச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 119. தெருப் பெயர், வீட்டு இலக்கம், பார்த்த நேரம் மூன்றையும் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு படமும் எடுத்து வைத்திருங்கள்.