புள்ளி வண்டெல்லாம் பகையில்லை

(வீட்டுத்தோட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லயத்துப் பக்கத்துல நாலு கத்தரி, ரெண்டு பாத்தி போஞ்சி, கொஞ்சம் உருளைக்கிழங்குன்னு நாம போட்டிருக்கோம். மரக்கறி விக்கிற விலைக்கு அதுதான் நமக்குக் கைகொடுக்கிறது. அதிலே புள்ளி போட்ட வண்டைக் கண்டதும் "மருந்து அடி" என்கிறோம். கொஞ்சம் பொறுங்க. புள்ளி வண்டில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

கெட்டதுக்கு எபிலக்னா என்று பெயர். முதுகு மங்கலான செங்கபில நிறம். உற்றுப் பார்த்தால் பொடி மயிர் தெரியும். ஒரு வகைக்கு 28 புள்ளிகள். இதன் புழு மஞ்சள். உடம்பெல்லாம் கிளைவிட்ட முள். வண்டும் புழுவும் கத்தரி, உருளைக்கிழங்கு இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று, நரம்பை மட்டும் சல்லடை மாதிரி விட்டுவிடும்.

நல்லது பொறிவண்டு. முதுகு எண்ணெய் தடவினாற்போல் பளபளக்கும். இதன் புழு கறுப்பு, செம்மஞ்சள் பொட்டு வைத்த குட்டி முதலை மாதிரி இருக்கும். போஞ்சிக் குருத்திலும் தேயிலைக் கொழுந்திலும் அப்பிச் சாறு உறிஞ்சுகிற அழுக்கணவன் பூச்சிதான் இதற்குச் சாப்பாடு. 1888-89இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தோடைத் தோட்டங்கள் செதில் பூச்சியால் அழிந்துகொண்டிருந்தன. அவுஸ்திரேலியாவிலிருந்து கொண்டுபோன ஒரு பொறிவண்டுதான் அவற்றைக் காப்பாற்றியது.

இந்தப் பளிச்சென்ற நிறம் எதற்கு? குருவிகளுக்கு எச்சரிக்கை. தொட்டால் கால் மூட்டிலிருந்து கசப்பான மஞ்சள் நீர் வரும். நல்லது, கெட்டது இரண்டுக்கும் இந்தக் குணம் உண்டு. இரண்டின் முட்டையும் மஞ்சளாய், நட்டு வைத்தாற்போல் கூட்டமாகத்தான் இருக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மருந்து ஆள் பார்த்துக் கொல்லாது. பொறிவண்டும் செத்தால் அழுக்கணவன் பெருகும். காம்பராப் பக்கத்தில் அடிக்கிற மருந்து காற்றோடு வந்து நம் பிள்ளைகள் மேலும் படும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இலையைத் திருப்பிப் பாருங்க. சுரண்டிய இலையில் இருக்கிற முட்டையை நசுக்குங்க. முள் புழுவையும் மங்கல் வண்டையும் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணியில போடுங்க. பக்கத்தில் மணத்தக்காளி இருந்தால் அதையும் பாருங்க. எபிலக்னா அதிலும் தங்கும். பளபளக்கிற வண்டை விட்டுவிடுங்க. அது சம்பளம் கேட்காமல் நமக்கு வேலை செய்கிறது.