அத்தை ஏன் தண்ணி குடிக்கல?

மேடையில பேசக் கூச்சமான விஷயம்தான். ஆனா நம்ம வீடுகள்ல நடக்குது.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்து, பேச்சும் குழறிடுச்சு. படுக்கையிலேயே சிறுநீர் போயிடுவாங்க. "சொல்லக்கூடாதா அத்தை?"ன்னு கத்தியிருக்கேன். அதுக்குப் பயந்து தண்ணி குடிக்கிறதையே விட்டுட்டாங்க. மலம் இறுகி நாலு நாள் போகல. சிறுநீர் சொட்டுறதும் கூடிப்போச்சு.

நர்ஸம்மாதான் விளக்கினாங்க. சிறுநீர்ப்பை நிறைஞ்சதும், 'கொஞ்சம் பொறு'ன்னு அடக்குறது மூளை. பக்கவாதத்தில் அந்தக் கட்டுப்பாடு போயிடலாம், வேணும்னு செய்றதில்லை. தண்ணி குறைஞ்சா சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், இறுகின மலமும் அதை அழுத்தும்.

அப்புறம், நல்லா விழுங்குறாங்களான்னு டாக்டர்கிட்ட காட்டிட்டு, பகல்ல தண்ணி கொடுத்தோம். ரெண்டு மணிக்கு ஒருதரம், அவங்க சொல்றதுக்கு முன்னாடியே, நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேர்ல உட்கார வெச்சோம். காலைச் சாப்பாடு முடிஞ்சதும் மலத்துக்கு. எரிச்சல், காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே வராம அடைச்சாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

மூணு மாசத்துல பகல்ல நனையிறது நின்னுது. ராத்திரி இன்னும் சில நாள் உண்டு. இப்ப அத்தையே இடது கையால கட்டிலைத் தட்டிக் கூப்பிடுறாங்க.