பெயரறியா வாழை

முசிறியிலிருந்து காவிரியைக் கடந்தால் குளித்தலை. இக்கரையிலும் அக்கரையிலும் வாழை. பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, மொந்தன் என்று சிறுவரும் பெயர் சொல்லும் இப்பகுதியிலுங்கூட, வீட்டுத் தோட்டத்தில் ஒரு வாழை பெயரின்றி நிற்பதுண்டு. தண்டு மெலிந்தது, பூ கீழ்நோக்கித் தொங்காமல் வானை நோக்கி நிமிர்ந்தது, மடல்கள் இளஞ்சிவப்பு. கேட்டால், “அழகு வாழை” என்பர். அது பெயராகுமா?

மாணவ நேயர்களே, அது வாழைதானா என்பதை முதலில் தெளிய வேண்டும். கல்வாழை பெயரளவில் மட்டுமே வாழை. அதன் விதை துப்பாக்கி ரவைபோல் கறுத்து இறுகியது. மடகாஸ்கர் தீவின் விசிறிவாழையை இலையடுக்கே காட்டிக் கொடுத்துவிடும். ஏமாற்றுவது ஹெலிகோனியா. அதன் மடல்கள் பெரும்பாலும் தண்டின் இருபுறமும் படகுகள்போல் அமர்ந்து, நெடுநாள் உதிராமல் நிற்கும். வாழையின் மடல்களோ தண்டைச் சுற்றி அமைந்து, ஒவ்வொன்றாக விரிந்து உதிரும்.

பக்கக் கன்று விடாமல், அடி பருத்து, ஒருமுறை காய்த்தவுடன் மடிவதாயின், அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைச் சரிவுகளில் வளரும் என்செட் இனமாகலாம். கன்று விட்டு, பூ நிமிர்ந்திருப்பின் காய்க்குக் காத்திருங்கள். காயின் தோல் வழவழப்பாயின், ராக்ஸ்பர்க் என்னும் தாவர அறிஞர் பெயரிட்ட மூசா ஆர்னாட்டா எனக் கருதலாம். காய் இளஞ்சிவப்பாய், வெல்வெட்டுப்போல் மயிரடர்ந்து, பழுத்ததும் தானே தோலுரித்துக் கொள்ளுமாயின் மூசா வெலூட்டினா. இரண்டிலும் விதைகள் நிறைந்திருக்கும். உண்ண ஆசைப்பட வேண்டா! இவ்விரண்டும் தம்முட் கலந்து கலப்பினங்களும் தோன்றுவதால், பூவின் நிறத்தை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறலாகாது.

1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்னும் இருவர் 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் இட்டு வாழைகளை வகைப்படுத்தினர். உண்ணும் வாழைகளின் முன்னோராகிய அக்குமினாட்டாவின் சாயலுக்கு 1, பல்பிசியானாவின் சாயலுக்கு 5. பூவனும் கற்பூரவல்லியும் இத்தராசில் எளிதில் பிரியும். நம் அழகு வாழையோ அவ்விரு குடியையும் சேராதது. அதை இத்தராசில் நிறுத்துவது வீண்வேலை.

பெயர் தெரியாவிட்டால் என்ன குறை என்பீர்கள். பெயரும் பிறப்பிடமும் அறியாத கன்று கைமாறும்போது நோயும் உடன் வரக்கூடும். முடிக்கொத்து நோய் கன்றின் வழியாகவும், வாழை அசுவினியின் வழியாகவும் பரவும் நச்சுயிரி நோய். கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழைத் தோட்டங்களை அழித்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. அழகு வாழைகளும் அதற்கு விலக்கல்ல. இலைக்காம்பில் கரும்பச்சைக் கோடுகள் தோன்றி, புதிய இலைகள் குறுகி உச்சியில் கொத்தாக நெருங்குமாயின், அச்செடியிலிருந்து ஒரு கன்றையும் அயலாருக்குக் கொடுக்காதீர்கள். பூ, காய், அடித்தண்டு ஆகியவற்றின் படங்களுடன், திருச்சிராப்பள்ளியில் 1993-இல் தொடங்கப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தாரிடம் கேளுங்கள்.