மின்சாரமும் நகரமும் நம் இளைஞர்களும்
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் மேடையில் மின்சாரத்தைப் பற்றி இவன் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய அண்ணல் அம்பேத்கர் அவர்களின் பொறுப்பில் நீர்ப்பாசனமும் மின்சாரமும் இருந்தன. மலிவான மின்சாரம் பெருகினாலன்றித் தொழில் பெருகாது, தொழில் பெருகினாலன்றி ஏழைக்கு விடிவில்லை என்பது அவர் கொண்ட கருத்து. மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அவர் காலத்தில் அமைந்ததேயாகும். அரசியல் சட்டம் தந்தவராக அவரைப் போற்றும் நம்மிற் பலர் இப்பகுதியை ஏனோ படிப்பதில்லை.

நம் ஊருக்கு வருவோம். திருவரங்கமும் பொன்மலையும் திருச்சிராப்பள்ளியோடு இணைந்து 1994ஆம் ஆண்டில் மாநகராட்சி உருவாயிற்று. 2015இல் மத்திய அரசு தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் 2017இல் நம் மாநகரம் இடம் பெற்றது. அத்திட்டத்தின் காலம் 2025 மார்ச்சில் முடிவுற்றது. சத்திரம் பேருந்து நிலையம் புதுக்கோலம் பூண்டதை எல்லோரும் கண்டோம். ஆனால் என் உள்ளத்தைத் தொட்டது பஞ்சப்பூர்தான். நகரத்துக் கழிவுநீர் சென்று சேரும் இடமென்றே அப்பெயரை நம் மக்கள் அறிந்திருந்தனர். அங்கே முதற்கட்டமாக 2.4 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் எழுந்தது. 2025இல் ஒருங்கிணைந்த பேருந்து முனையமும் திறக்கப்பட்டது.

கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடத்திலும் ஆற்று மணலடியில் ஊறும் நீரை மின்மோட்டார்கள் இறைத்துத் தள்ளினாலன்றி நம் குழாய்களில் நீர் வாராது. தெருவிளக்கும் கழிவுநீரேற்று நிலையமும் அவ்வாறே மின்சாரத்தை உண்பவை. ஒரு கிலோவாட் மின்தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். அக்கணக்கின்படி 2.4 மெகாவாட் நிலையம் ஒரு நாளில் ஒன்பதாயிரம் யூனிட்டுக்கு மேல் தரவல்லது. மாநகராட்சி வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது வீண் பெருமைக்காக அன்று.

வீட்டுக்கும் அது வரலாம். 2024இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி 3 கிலோவாட் அமைப்போருக்கு ரூ.78,000 மானியம் உண்டு. ஆனால் அதற்கு நூறு சதுர அடிக்கு ஒரு கிலோவாட் என்ற கணக்கில் சொந்த மொட்டை மாடி வேண்டும். வாடகை அறையிலும், வாய்க்கால் புறம்போக்கிலும், தகரக் கொட்டகையிலும் வாழும் நம்மவர் எங்கே போவார்? சூரியன் சாதி பார்ப்பதில்லை. மானியமோ கூரையைப் பார்க்கிறது. எனினும் ஒரு வழி இருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கமாகப் பதிவு செய்துகொண்டால், பொது விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கிலோவாட்டுக்கு ரூ.18,000 அதே திட்டத்தில் பெறலாம். வாரியக் குடியிருப்புகளில் வாழும் தோழர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். கோடையில் உலையாகக் கொதிக்கும் அம்மாடிகளுக்கு வெள்ளைப் பூச்சு அடித்தாலே உள்வெப்பம் குறையும். ஆமதாபாத்தின் குடிசைப் பகுதிகளில் இம்முறையைக் கையாண்டிருக்கிறார்கள். பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

இனி என் கவலையைச் சொல்கிறேன். மின்தகட்டைத் துடைப்பதற்கு ஆள் வேண்டுமென்றால் நம் தெருவைத் தேடி வந்துவிடுவார்கள். இன்வெர்ட்டர் பழுதானால் வேறு தெருவுக்குப் போவார்கள். யந்திரம் புதியதாயினும் வேலைப் பங்கீடு பழையதாகவே இருந்துவிடலாம். 2025 ஜூனில் சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. டீசல் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோக்கும் நம் மெக்கானிக் தம்பிகளுக்கு அவ்வண்டியின் மின்கலமும் மோட்டாரும் புதுப் பாடமல்லவா?

மாறாக நிகழ்ந்ததும் உண்டு. 2024 டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாளன்று, சென்னையில் தூய்மைப் பணியாளர்களைத் தொழில்முனைவோராக்கும் திட்டத்தில் கழிவுநீர் அகற்றும் 213 நவீன வாகனங்கள் வழங்கப்பட்டன. சாக்கடைக் குழியில் இறங்கியவன் யந்திரத்துக்கு உரிமையாளன் ஆனான்! மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் முதலீட்டில் 35 விழுக்காடு மானியம் கிடைக்கிறது. சூரிய மின்தகடு பொருத்தும் தொழிலுக்கு நம் இளைஞர் நால்வர் ஏன் கூட்டாக அதனைக் கேட்கலாகாது?

அதற்கு முன் கைத்தொழில் கற்க வேண்டும். திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ. தொலைவில் இல்லை. அரசு ஐ.டி.ஐ.களில் கல்விக் கட்டணமில்லை, மாதம் ரூ.750 உதவித்தொகையும் உண்டு. எலக்ட்ரீஷியன் பிரிவு ஈராண்டு. நாட்டின் ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் சூரிய மின்சாரத் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது; ஓராண்டில் முடிப்பது. பத்தாம் வகுப்புத் தேறியவர் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். 'பெண்பிள்ளைக்கு ஒயர் வேலை எதற்கு' என்று கேட்கும் தாய்மார்கள் இங்கேயே அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். அவர்களோடு கூட்டம் முடிந்தபின் தனியே பேசிக்கொள்கிறேன்.