ஆய்வில் ஆசிரியரும் முன்னிற்போம்



பழையசீவரத்தின் எதிர்க்கரையான திருமுக்கூடலில் பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கலக்கின்றன. 'இல்லம் தேடிக் கல்வி' குறித்த ஆய்விலும் அமெரிக்கா, சுவீடன், மெக்சிகோ ஆகிய மூன்று நாட்டுப் பல்கலைக்கழக அறிஞர்கள் இணைந்தார்கள்: கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ. தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளின் கற்றலை அளந்தார்கள். கொரோனாக் கால இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது. அந்த மீட்சியில் இத்திட்டத்தின் பங்கு 24 விழுக்காடு.

மீளாத ஒரு பங்கு எந்தக் குழந்தைகளிடம் தங்கியது? சராசரி அதைச் சொல்லாது. தினமும் வருகைப்பதிவு எடுக்கும் நமக்குத் தெரியும். எனவே, அடுத்த ஆய்வில் படிவம் நிரப்புவதோடு நில்லாமல், கேள்விகளை வகுப்பதிலும் நாம் முன்னிற்க வேண்டும்.