தப்பு யூசர் மேலயா, நம்ம ஸ்க்ரீன் மேலயா?

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, வாசிப்புக்காகக் கொஞ்சம் திருத்தப்பட்டது.)

இன்னைக்கு விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். யூசர் சென்ட்டர்டு டிசைன் பத்திப் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி வரும். "கேட்க நல்லா இருக்கு, ஆனா திங்கட்கிழமை காலையில ஆபீஸ் போனதும் நான் என்ன செய்யணும்?" அதுக்குப் பதிலை நான் செஞ்ச ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு சின்ன நிறுவனத்துல டிசைனரா இருந்தேன். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கணக்கு எழுதுற ஆப் ஒண்ணு செஞ்சோம். ஒரு குழுவுல 12 பேர்ல இருந்து 20 பேர் வரைக்கும் இருப்பாங்க. கூட்டம் போடுவாங்க, சேமிப்பு கட்டுவாங்க, உள்கடன் வாங்கினவங்க தவணையும் வட்டியும் கட்டுவாங்க. இதையெல்லாம் நோட்டுல எழுதுறாங்க, நாம போன்ல எழுத வெச்சிடலாம். எங்க திட்டம் அவ்வளவுதான். ஆபீஸ்ல உட்கார்ந்து நாங்களே பேசி, நாங்களே வரைஞ்சு, மூணு மாசத்துல முடிச்சோம். பார்க்க ரொம்ப அழகா இருந்தது.

ஒரு நாள் திண்டுக்கல் பக்கத்துல ஒரு குழுவுல இருந்து போன் வந்தது. ஒரு அக்கா ரெண்டு தவணை கட்டலைன்னு ஆப் காட்டுது. அவங்க கட்டிட்டேன்னு சொல்றாங்க. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் பேச்சு வந்துடுச்சு. அவங்க கேட்டிருந்த புதுக் கடனையும் நிறுத்தி வெச்சுட்டாங்க. நாங்க டேட்டாவை எடுத்துப் பார்த்தோம். அந்தக் குழுவுல அதே பேர்ல இன்னொருத்தர் இருந்தாங்க. ரெண்டு தவணையும் அவங்க கணக்குல போய் ஏறியிருந்தது.

அன்னைக்கு நான் டிக்கெட்ல எழுதின வார்த்தை, "யூசர் எரர்". கணக்கு எழுதுற குழுப் பிரதிநிதி தப்பான பேரை அமுக்கிட்டாங்க, டேட்டாவைச் சரி பண்ணியாச்சு, டிக்கெட் க்ளோஸ். சாப்பிடப் போயிட்டேன்.

மூணே மூணு விதி

1985-ல ஐபிஎம் ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர், ஜான் கூல்டும் க்ளேட்டன் லூயிஸும், ஒரு கட்டுரை எழுதினாங்க. அதுல மூணு விதி. ஒண்ணு, வேலையோட ஆரம்பத்துலயே யூசரையும் அவங்க செய்ற வேலையையும் நேர்ல பாருங்க. ரெண்டு, மாதிரியை அவங்க கையில கொடுத்து, என்ன ஆகுதுன்னு அளந்து பாருங்க. மூணு, திருத்துங்க, மறுபடி பாருங்க, மறுபடி திருத்துங்க.

"இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" அப்படின்னு தோணும். அதையும் அவங்க சோதிச்சாங்க. சிஸ்டம் உருவாக்குற ஆட்கள்கிட்ட, "ஒரு சிஸ்டம் செய்யணும்னா என்னென்ன படி வரும், எழுதுங்க"ன்னு கேட்டாங்க. மூணையும் எழுதினவங்க கொஞ்ச பேர்தான். கேள்விப்பட்டா சரின்னு தலையாட்டுறோம், வேலைன்னு வந்தா மறந்துடுறோம். மூணு மாசம் ஆபீஸை விட்டு வெளிய போகாம ஆப் செஞ்ச நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான்.

கூல்டும் அவர் குழுவும் அந்த விதிகளை வெச்சு நிஜமாவே ஒரு சிஸ்டம் செஞ்சும் காட்டினாங்க. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். செல்போன் பரவலா இல்லாத காலம். உலகம் பூரா இருந்து வந்த வீரர்கள் ஒலிம்பிக் கிராமத்துல தங்கியிருக்காங்க. வீட்டுல இருந்து ஒரு வாழ்த்து வந்தா எப்படிப் போய்ச் சேரும்? அதுக்குக் குரல் அஞ்சல் மாதிரி ஒரு ஏற்பாடு செஞ்சாங்க. வீட்டுல இருக்கிறவங்க போன் பண்ணி செய்தி பதிவு பண்ணலாம், வீரர் கியாஸ்க்குல போய்க் கேட்கலாம். 12 மொழியில வேலை செஞ்சது.

அவங்க ஆரம்பிச்சது கோடு எழுதி இல்லை. "ஒரு வீரர் வர்றார், இந்த எண்ணை அமுக்குறார், இந்தக் குரல் கேட்குது" அப்படின்னு காட்சி காட்சியா பேப்பர்ல எழுதி ஆட்கள்கிட்ட காட்டினாங்க. எப்படிப் பயன்படுத்துறதுன்னு சொல்ற கையேட்டை, சிஸ்டம் முடியிறதுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துப் பார்த்தாங்க. ஏன்னா கையேட்டுல சொல்லிப் புரிய வைக்க முடியாத விஷயம் சிஸ்டத்துலயும் புரியாது. கியாஸ்க் மாதிரியை ஆபீஸ் நடைபாதையில வெச்சு, போற வர்றவங்க சொல்றதைக் கேட்டுத் திருத்தினாங்க. ஒலிம்பிக்குக்கு முன்னாடி நடந்த ஒரு சர்வதேசப் போட்டியில வெச்சுப் பார்த்தாங்க, அங்கேயும் பட்டியல் பட்டியலாப் பிழை வந்தது. கடைசியில 40,000 தடவைக்கு மேல அதைப் பயன்படுத்தினாங்க.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது, கெட்டிக்காரங்களா இருந்தும் முதல் தடவை அவங்களுக்கும் சரியா வரலை. சரியா வராதுன்னு தெரிஞ்சுதான் ஆரம்பிச்சாங்க.

நோட்டுல இருந்தது, ஆப்ல இல்லாதது

திண்டுக்கல்லுக்கு வர்றேன். டிக்கெட்டைப் பார்த்த என் சீனியர் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "நோட்டுல எழுதும்போது இந்தத் தப்பு ஏன் வரலை?" எனக்குப் பதில் தெரியலை. "போய்ப் பார்த்துட்டு வா. எதையும் விளக்காதே. வாயை மூடிக்கிட்டு பாரு"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

சாயங்காலக் கூட்டம், ஒரு வீட்டுத் திண்ணையில. வெளிச்சம் கம்மி. பேட்டரி சீக்கிரம் தீரக்கூடாதுன்னு போன் வெளிச்சத்தையும் குறைச்சு வெச்சிருந்தாங்க. நாங்க சாம்பல் நிறத்துல சின்னதாப் போட்டிருந்த எழுத்து எதுவும் தெரியலை.

அதைவிடப் பெரிய விஷயம் பழைய நோட்டைப் புரட்டும்போது தெரிஞ்சது. நோட்டுல பேர் அகர வரிசையில இல்லை, உறுப்பினர் எண் வரிசையில இருந்தது. ஒரே பேர்க்காரங்கள்ல ஒருத்தர் ஏழாம் நம்பர், இன்னொருத்தர் பதினாலு. நோட்டுல அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல வரவே மாட்டாங்க. அகர வரிசையில அடுக்கி, அவங்களைப் பக்கத்துல பக்கத்துல கொண்டு வந்து வெச்சது நாங்கதான்.

அடுத்தது. நோட்டுல எழுதினதும் பிரதிநிதி சத்தமாப் படிப்பாங்களாம். "ஏழு, சேமிப்பு நூறு, தவணை ஐநூறு." சுத்தி உட்கார்ந்திருக்கிற எல்லார் காதுலயும் விழும். தப்பா இருந்தா அங்கேயே யாராவது, "ஏய், அது பதினாலு இல்லை, ஏழு"ன்னு சொல்லிடுவாங்க. அந்தச் சத்தம்தான் அவங்களோட சரிபார்ப்பு. எங்க ஆப்ல என்ன இருந்தது? ரெண்டு செகண்ட் ஒரு பச்சை டிக் வரும், போயிடும். படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. இருபது பேர் பார்த்துக்கிட்டிருந்த கணக்கை ஒருத்தரோட கைக்குள்ள அடைச்சுட்டோம். தப்பு வந்தப்போ பழியை அந்த ஒருத்தர் மேலயே போட்டோம்.

அன்னைக்கு நான் நோட்டு நோட்டாக் கேள்வி எழுதிக்கிட்டுப் போயிருந்தேன், "உங்களுக்கு என்ன வசதி வேணும்?"னு கேட்க. கேட்டிருந்தா, "எல்லாம் நல்லா இருக்கு தம்பி"ன்னு டீ கொடுத்து அனுப்பியிருப்பாங்க. சத்தமாப் படிக்கிறதை யாரும் ஒரு வசதின்னு சொல்ல மாட்டாங்க, அது பழக்கம். பழக்கத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது, பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்.

பேப்பர்ல வரைஞ்சு, அஞ்சு பேர்கிட்ட

திரும்பி வந்து கோடு எழுதலை. பேப்பர்ல ஸ்க்ரீன் வரைஞ்சோம். எண் வரிசை, பெரிய எழுத்து. ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு சத்தமாப் படிக்கிற மாதிரி ஒரு முழு வரி. கூட்டம் முடியும்போது அன்னைக்கு வந்த மொத்தப் பட்டியல். திருத்தினா பழைய தொகை அடிச்ச மாதிரி தெரியணும், ஏன்னா நோட்டுலயும் அழிக்க மாட்டாங்க, அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுவாங்க.

அதை வேற வேற குழுவுல அஞ்சு பேர்கிட்ட கொடுத்துப் பார்த்தோம். ஏன் அஞ்சுன்னா, ஜேகப் நீல்சன் 2000-ல எழுதின பிரபலமான கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு ஆள்கிட்ட சோதிச்சா சராசரியா 31 சதவீதம் பிரச்சினை தெரியும்னு வெச்சுக்கிட்டா, அஞ்சு பேர்ல சுமார் 85 சதவீதம் தெரிஞ்சுடும். 31-ங்கிறது எல்லா ஆப்புக்கும் பொருந்துற எண் இல்லை. "எத்தனை சதவீதம் பேருக்குப் பிடிச்சிருக்கு"ன்னு சொல்லவும் அஞ்சு பேர் போதாது. ஆனா பிழையைக் கண்டுபிடிக்கப் போதும். அஞ்சு பேர், திருத்தம், மறுபடி அஞ்சு பேர். ஒரே தடவை பதினஞ்சு பேரைப் பார்க்கிறதைவிட இது மேல்.

"மனசுல என்ன ஓடுதோ அதைப் பேசிக்கிட்டே செய்யுங்க"ன்னு சொல்றது ஒரு நல்ல முறை. ஆனா எங்க விஷயத்துல யாரும் பேசலை. பரீட்சைன்னு பயந்துட்டாங்க. அதனால ரெண்டு ரெண்டு பேரா உட்கார வெச்சோம். ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லும்போது பேச்சு தானா வந்தது. முதல் வாக்கியமா, "அக்கா, உங்களைச் சோதிக்கலை. இந்தப் பேப்பரைத்தான் சோதிக்கிறோம். குழப்பமா இருந்தா தப்பு எங்களுது"ன்னு சொன்னோம். "பிடிச்சிருக்கா?"ன்னு கேட்கவே இல்லை. "இந்த அக்கா இன்னைக்கு 600 ரூபாய் கட்டுறாங்க, எழுதிக் காட்டுங்க" அவ்வளவுதான்.

அப்படியும் முதல் வடிவத்துல ஒரு இடத்துல எல்லாரும் நின்னாங்க. "சமர்ப்பி"ன்னு ஒரு பட்டன். சுத்தமான தமிழ்னு நாங்க பெருமையாப் போட்டது. ஒரு அம்மா கேட்டாங்க, "இதை யாருக்குச் சமர்ப்பிக்கணும், பேங்க்குக்கா?" அதை "நோட்டுல எழுது"ன்னு மாத்தினோம். அதுக்கப்புறம் அந்த இடத்துல யாரும் நிக்கலை.

கடைசியா

புது வடிவத்தை எடுத்துக்கிட்டு அதே குழுவுக்குப் போனேன். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன், தப்பு பிரதிநிதியோடதும் இல்லை, அந்த அக்காவோடதும் இல்லை, நாங்க செஞ்ச ஆப்போடதுன்னு. நிறுத்தி வெச்ச கடனை அதுக்கு முன்னாடியே கொடுத்துட்டாங்க. கூட்டம் முடிஞ்சதும் அந்த அக்கா வந்து கேட்டாங்க. "ரெண்டு மாசம் இந்தத் திண்ணையில தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன் தம்பி. உங்க ஆபீஸ்ல அதை என்னன்னு எழுதி வெச்சிருக்கீங்க?"

எழுதியிருந்தது "யூசர் எரர்". என்னால அதை அவங்ககிட்டச் சொல்ல முடியலை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையா அந்த டிக்கெட்டைத் திறந்து, காரணம்ங்கிற இடத்துல "பெயர் வரிசையும் சரிபார்ப்பும், டிசைன் பிழை"ன்னு மாத்தினேன்.

அதனால திங்கட்கிழமை என்ன செய்யலாம்னு கேட்டா, உங்க சப்போர்ட் டிக்கெட்ல "யூசர் எரர்"னு மூடின ஒண்ணைத் திறங்க. அந்த வேலையை அவங்க நம்ம ஆப் இல்லாம எப்படிச் செஞ்சாங்கன்னு கேளுங்க. முடிஞ்சா ஒரு அரை மணி நேரம் பக்கத்துல உட்கார்ந்து பாருங்க, எதையும் விளக்காம. நீங்க பார்த்ததை எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல அதை வெச்சே பேசலாம்.